விரலுக்கு ஒரு சொல்

1924ஆம் வருடம் மார்ச் மாதம் 11ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே கால் மணி. விடியலில் விழுந்த தூறல் நின்றுவிட்டது. வெயில் இன்னும் வரவில்லை. ரப்பர் தோட்டங்கள் நிறைந்த கேரி தீவு முழுக்க ஈயப் பாத்திரத்தின் உட்புறம்போல ஒரு மங்கிய வெளிச்சம். ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் பருவம் அது. நனைந்த சருகுகள் பள்ளிக் கொட்டகையின் வாசல்வரை ஒட்டிக் கிடந்தன. கொட்டகையில் ஐந்து பலகைகள். மூன்றாவது பலகையில், இடப்பக்கத்திலிருந்து நான்காவதாக நான் உட்கார்ந்திருந்தேன். வாத்தியார் வருகைப் பட்டியலைப் பார்த்து ஒரு பெயரை வாசித்தார். அது என் பெயரல்ல. நான் எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா" என்றேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. அன்று சொன்ன பதிலை இன்றுவரை மாற்றிச் சொல்லவில்லை.

போன மாதம் நான்கு இளைஞர்கள் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்தார்கள். மின்தூக்கி பழுதாகி ஒன்பது நாள் ஆகிறது, மூன்று மாடி ஏறி வந்திருந்தார்கள், பாவம். தோட்டப்புறப் பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு நிதி தொடங்குகிறார்களாம். தோட்டத்தில் பிறந்து, படித்து, ரயில்வே அலுவலகத்தில் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன் என்பதால் அதற்கு என் பெயரை வைக்கப் போகிறார்களாம். "அங்கிள், உங்க பேர்லதான் வைக்கிறோம். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், மேடையில வந்து உட்கார்ந்தா போதும்லா" என்றான் அவர்களில் ஒருவன். நான் முடியாது என்றேன். முழங்கால் வலி என்றேன், ரத்த அழுத்தம் என்றேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு முறை வந்தார்கள். காரணத்தை எழுதிக் கொடுத்துவிடுவது என்று உட்கார்ந்தேன். அந்தப் பெயர் என்னவென்று மட்டும் இங்கே எழுதப் போவதில்லை. அது இன்னொருவருடைய பொருள்.

தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று அப்போது சட்டம் வந்திருந்தது. பள்ளிக்கூடம் என்று ஒரு கொட்டகையும் அதற்கு ஒரு வாத்தியாரும் வந்தார்கள். பிள்ளைகள்தான் வரவில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போதே அவர்களும் நிற்க வேண்டும். மதியம்வரை புல் பிடுங்குவார்கள். பிறகு பள்ளிக்கு வந்து தூங்குவார்கள். வருடம் ஒருமுறை இன்ஸ்பெக்டர் துரை வருவார். தலைகளை எண்ணுவார், இரண்டு மூன்று பேரை வாசிக்கச் சொல்வார். அதைப் பொறுத்துத்தான் சர்க்கார் மானியம், அதைப் பொறுத்துத்தான் வாத்தியாரின் வேலை. ஆகவே கல்யாணத்துக்கு அண்டா இரவல் வாங்குவதுபோலத் தோட்டத்துக்குத் தோட்டம் பிள்ளைகளை இரவல் வாங்குவார்கள். எங்கள் தோட்டத்துக்கும் நான் "உள்ளேன் ஐயா" சொன்ன தோட்டத்துக்கும் மூன்று மைல். அன்று காலை மாட்டு வண்டியில் ஆறு பேர் போனோம். காய்ச்சலில் கிடந்தவர்கள், வேலைக் காட்டிலிருந்து அழைத்து வர முடியாதவர்கள் ஆகியோரின் பெயர்களை எங்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள். எனக்கு வந்தது, குளிர்காய்ச்சலில் படுத்திருந்த ஒரு பையனின் பெயர். அவனும் என் வயதுதான்.

வாத்தியார் கெட்டவரல்ல. எங்களை வரிசையாக நிறுத்தி அவர் ஒரே ஒரு பாடம்தான் நடத்தினார். "திணறணும்டா. தெரிஞ்சாலும் திணறணும். மூணு வரி வாசி, நாலாவது வரில முழி. இரவல் வந்தவன் துள்ளக் கூடாது. புரியுதா?" புரிந்தது. மற்ற ஐந்து பேரும் அழகாகத் திணறினார்கள். இன்ஸ்பெக்டருடன் வந்திருந்த தமிழ் உதவியாளர் என்னைப் பார்த்து ஒரு கணக்குக் கேட்டார். ஒருவன் ஒரு நாளைக்குப் பாலுக்காக முந்நூற்றைம்பது மரம் வெட்டினால் இருபத்தாறு நாளில் எத்தனை மரம்? அவர் கேள்வியை முடிப்பதற்குள் "ஒன்பதாயிரத்து நூறு" என்றேன். அவர் சிரித்தார். இன்னொன்று கேட்டார். சொன்னேன். துரை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். வாத்தியார் அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். கண்டும் நான் நிறுத்தவில்லை. கேட்காததையும் சொன்னேன்: கொட்டகைக் கூரையில் குறுக்குக் கழிகள் இருபத்திரண்டு என்றேன். துரை அண்ணாந்து எண்ணிப் பார்த்தார்.

ஐந்து வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கிள்ளானில் விடுதியோடு கூடிய ஓர் ஆங்கிலப் பள்ளியில், அந்தத் தோட்டத்துப் பையன் ஒருவனுக்குச் சம்பளமில்லாத இடம். சாப்பாடு, துணி எல்லாம் இலவசம். அதுவரை தீவிலிருந்து யாருக்கும் அப்படி வந்ததில்லை. கடிதத்தில் இருந்தது காய்ச்சல்காரப் பையனின் பெயர். தகப்பன் பெயர் என்ற இடத்தில் செத்துப்போன அவனுடைய தகப்பன் பெயர்.

வாத்தியார் வீட்டு முற்றத்தில் பேச்சு நடந்தது. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். பையனின் அம்மா வேலைக் காட்டிலிருந்து நேராக வந்து நின்றார், முழங்கைவரை மண்ணோடு. அவரை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். அத்தை என்று கூப்பிடு என்றார் அப்பா.

"எம்புள்ளைக்கு வந்த எடம்தானே அது?" என்று கேட்டார் அத்தை.

"ஒம்புள்ள பேருக்கு வந்த எடம்மா" என்றார் வாத்தியார்.

"பேரு வேற, புள்ள வேறயா வாத்தியாரே?"

"அவன அனுப்பினா ஒரே வாரத்துல திருப்பி விட்டுருவாங்க. ஆனாவுக்கு அடுத்தது தெரியாது அவனுக்கு."

"சொல்லிக் குடுத்தாத்தானே தெரியும்? ஒங்க முன்னால தூங்குறதுக்கா அவன மத்தியானத்துல அனுப்புறேன்?"

வாத்தியாருக்கு முகம் கறுத்துப்போனது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நெசத்த எழுதிப் போட்டா எனக்கு வேல போகும், அது போகட்டும். பள்ளிக்கூடத்தப் பூட்டுவாங்க. அப்புறம் எந்தப் புள்ளைக்கும் இல்ல. வந்த எடமும் போயிரும். ஒண்ணாவது பொழைக்கட்டும்மா."

அப்பா மண்ணைப் பார்த்துக்கொண்டே, "தங்கச்சி, நீ வேணாம்னா வேணாம்" என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். எனக்கு அந்த இடம் வேண்டும் என்று எப்படியோ தெரியப்படுத்த வேண்டியிருந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டார். என்னிடம், "என்னமோ மரக் கணக்குச் சொன்னியாமே, எத்தன?" என்றார். சொன்னேன். "சரியா அது?" "சரிதான் அத்தே." கையிலிருந்த மண்ணைச் சேலையில் துடைத்தார். பிறகு வாத்தியாரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னார்: "போ. ஆனா எம்புள்ள பேர்ல படிக்கிற படிப்பு எம்புள்ளைக்கும் வந்து சேரணும். அத மட்டும் நீ பாத்துக்க."

நான் தலையாட்டினேன். அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியாமல் ஆட்டவில்லை. எல்லாவற்றையும் எண்ணிப் பார்ப்பவன் நான். வருடம் மூன்று விடுமுறை, விடுமுறைக்கு மூன்று வாரம் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிட்டேன்.

அடுத்து நடந்ததைப் பெரியவர்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. கிள்ளானுக்குப் போய்விட்டவனின் பெயர் தோட்டப் பள்ளியின் பட்டியலில் இருக்க முடியாது; அடித்தார்கள். பட்டியலில் இல்லாதவன் பள்ளிப் பிள்ளை அல்ல. பள்ளிப் பிள்ளை அல்லாதவனுக்கு அரை நாள் வேலை கிடையாது, முழு நாள். வாத்தியார் அவனைப் பெயரில்லாமல் கடைசிப் பலகையில் இரண்டு வாரம் உட்கார வைத்துப் பார்த்தார். பிறகு கங்காணி வந்து அழைத்துப் போய்விட்டார். ஒரு பெயர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாதென்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தனக்குத் தோன்றிய வேறொரு பெயரில் அவனை வேலையாட்கள் கணக்கில் பதிந்தார். அந்த வருடம் படிக்கப் போனவன் நான் ஒருவன். படிப்பிலிருந்து வெளியே போனவனும் ஒருவன். கூட்டிக் கழித்தால் தீவில் படிப்பு ஒரு பிள்ளைக்குக்கூடக் கூடவில்லை.

முதல் விடுமுறையில் போனேன். நான்கு சாயங்காலம் அவர்களுடைய லயத்து வீட்டில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அவன் கெட்டிக்காரன்தான். ஆனால் இருட்டோடு எழுந்து நாள் முழுக்க வேலை செய்தவனுக்குக் கண் செருகிவிடும். ஐந்தாவது நாள் சிலேட்டின் மேலேயே தலையை வைத்துக்கொண்டான். எழுப்பினேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து, "நீ படி, நான் தூங்குறேன். ரெண்டும் எம்பேர்லதானே நடக்குது" என்றான். அவன் சிரித்தான், அத்தை சிரித்தார், நானும் சிரித்தேன். அடுத்த விடுமுறைக்கு நான் போகவில்லை. அதற்கடுத்ததற்கும் போகவில்லை. பரீட்சை என்றேன், ஒருமுறை ஆற்றில் வெள்ளம் என்றேன்.

நான் வராததால் அத்தை வந்தார். எப்படியும் வர வேண்டியிருந்தது. விடுதிப் பதிவில் அவர்தான் என் தாய். மாதம் ஒருமுறை வந்து கைநாட்டு வைக்க வேண்டும். என் சொந்த அப்பா இரண்டு தடவை தாய்மாமன் என்று சொல்லிக்கொண்டு வந்து பார்த்தார். பிறகு, "ஒனக்குத்தான் அம்மா வருதே" என்று நின்றுவிட்டார். சம்பளம் போட்ட அடுத்த ஞாயிறு, தீவிலிருந்து சம்பானில் ஆற்றைக் கடந்து, பஸ் ஏறி, பத்து மணிக்கெல்லாம் அத்தை விடுதிப் படியில் உட்கார்ந்திருப்பார். அவித்த மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்ச் சில்லும் இலையில் கட்டி வந்திருக்கும். என்னை அவர் ஒரு தடவைகூட அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தம்பி என்பார். உலகத்தில் எல்லோரும் என்னை அந்தப் பெயரால் கூப்பிட்டார்கள், அத்தை ஒருவரைத் தவிர.

நான் சாப்பிட்டு முடித்ததும், "சரி, குடு" என்று இரண்டு கையையும் விரித்து வைப்பார். பத்து இங்கிலீஷ் சொல். விரலுக்கு ஒன்று. சுண்டு விரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக மடக்கி, "டோர், கதவு. ரெயின், மழை. பிரதர், அண்ணன் தம்பி" என்று சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார். பத்தும் மடங்கினால் கை இரண்டும் முட்டியாகிவிடும். அப்படியே எழுந்து போவார், சம்பான் ஏறும்வரை திறக்க மாட்டேன் என்று விளையாட்டாகச் சொல்வார். தீவுக்குப் போய் மகனிடம் ஒவ்வொரு விரலாகத் திறப்பாராம்.

முதல் வருடம் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. அதன் பிறகு விடுதிப் பிள்ளைகள் தூணுக்குப் பின்னால் நின்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களில் பலர் கிராணி வீட்டுப் பிள்ளைகள், ரயில்வே வீட்டுப் பிள்ளைகள். "டேய், ஒங்கம்மா பாடம் ஒப்பிக்கிறாங்கடா!" "மக்கான் பொட்டலம் குடுக்க வந்தாங்களா, பரீட்சை எழுத வந்தாங்களா?" ஒருவன் இரண்டு கையையும் முட்டியாக்கிக்கொண்டு விடுதி முழுக்க நடந்து காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மா அல்ல என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. சொன்னால் இடமே போய்விடும். சீக்கிரம் அனுப்பிவிடுவதற்காகப் பத்தை ஏழாக்கினேன், ஏழை ஐந்தாக்கினேன், கடைசியில் மூன்று. அத்தை மீதி விரல்களைக் கொஞ்ச நேரம் நீட்டிக்கொண்டே இருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் யோசிக்கச் சோம்பல்பட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அத்தை விரலை மடக்கவில்லை. "இது மொத மாசமே குடுத்ததுப்பா. வாட்டர், தண்ணி. வேற இல்லியா?"

"இல்ல. இன்னும் சொல்லித் தரல."

அப்போது நான் ஆறாம் வகுப்பு. முந்நூறு பக்க வரலாற்றுப் புத்தகம் ஒன்று என் மடியிலேயே இருந்தது. அத்தை அதைப் பார்த்தார். "பெரிய பள்ளிக்கூடம், மெதுவாத்தான் சொல்லித் தருவாங்க போல" என்றார். அதை எனக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. விரல்களை மடக்காமல் வெறுங்கையோடு எழுந்து போனார். அடுத்த மாதமும் வந்தார். கிழங்கும் கொண்டு வந்தார்.

1932இல் படிப்பை முடித்தேன். நாடு முழுக்க வேலையில்லாமல் ஆட்களை ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம். எனக்கு மட்டும் எப்படியோ ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பு, ஓர் அறை, ஒரு சன்னல். விடுதி முடிந்ததோடு கைநாட்டும் முடிந்துவிட்டதால் அத்தை வருவது நின்றது. இரண்டு வருடம் கழித்து ஒரே ஒரு தடவை பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். செந்தூலில் ரயில் பட்டறைக்கு ஆள் எடுப்பதாக யாரோ தோட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். "பேரு எழுதத் தெரிஞ்சா போதுமாம், மீதியெல்லாம் அங்கேயே பழக்குவாங்களாம். இங்கிலீஷு வேற கொஞ்சம் தெரியும்ல அவனுக்கு" என்றார். அவன் எந்தப் பெயரை எழுதுவான்? ரயில்வேயில் ஏற்கெனவே அந்தப் பெயரில், அந்தத் தகப்பனுக்குப் பிறந்த ஒருவன் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறான். யாராவது ஒருவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்? "பாக்கிறேன் அத்தே" என்றேன். பட்டறைக்கு ஆள் எடுக்கும் மேசை எங்கள் அலுவலகத்திலேயே, என் மேசையிலிருந்து நாற்பது அடி. நான் பார்க்கவில்லை.

1936இல், செப்டம்பர் மாதம், அலுவலகத்துக்குத் தந்தி வந்தது. என் தாயார் இறந்துவிட்டதாக. மேலதிகாரி தோளைத் தட்டி மூன்று நாள் விடுப்புக் கொடுத்தார். உடன் வேலை செய்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவர்களுடைய அனுதாபத்தை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

லயத்து வாசலில் அவன் நின்றிருந்தான். பன்னிரண்டு வருடம் கழித்து அன்றுதான் அவனைப் பார்க்கிறேன். என்னைவிட ஒரு சாண் உயரம், ரப்பர் பால் கறுத்துப்போய்த் தோலோடு ஒட்டிய கைகள், அழுது வீங்கிய முகம். அந்த முகத்தோடே என்னை மேலும் கீழும் பார்த்து, "வா. நான் எப்படி இருக்கேன்? ரயில்வேயில நல்லா இருக்கேனா?" என்றான். நான் குனிந்து என் காலணியைப் பார்த்தேன். "நல்லாத்தான் இருக்கேன். சப்பாத்தெல்லாம் போட்டிருக்கேன்" என்று அவனே சொல்லிக்கொண்டான். அதில் கோபம் இருந்ததா என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தாய்க்குச் செய்ய வேண்டியதையெல்லாம் அவன்தான் செய்தான். தோட்டத்தில் யாருக்கும் அதில் சந்தேகமில்லை. தாள்களுக்குத்தான் சந்தேகம். புதைத்துவிட்டுத் திரும்பும் வழியில், மரங்களுக்கு நடுவே, அவன் மெல்ல ஆரம்பித்தான். "அம்மா கொண்டாந்தது எல்லாம் இருக்கு. டோர். ரெயின். பிரதர். வாட்டர்." வரிசை தப்பாமல் சொல்லிக்கொண்டே வந்தான். நான் எண்ணினேன், பழக்கதோஷம்; முந்நூற்று ஆறு. எதுவும் பிழையில்லை. முடித்துவிட்டுக் கேட்டான்: "வார்த்தையெல்லாம் வச்சிருக்கேன். ஒண்ணோட ஒண்ண எப்படிச் சேக்கிறதுன்னுதான் தெரியல. அத அம்மா கேக்க மறந்துட்டாங்களா, நீ சொல்ல மறந்துட்டியா?"

தோட்ட அலுவலகத்தில் கிராணி செலவுத் தாளை என் பக்கம் நகர்த்தினார். இறந்தவருக்கு மகன் என்று கணக்கில் இருப்பது நான். பக்கத்தில் நின்றவன் வேறு பெயர்க்காரன், அவர்கள் பார்வையில் உறவில்லாதவன். பெட்டிக்குப் பலகை நான்கு வெள்ளி ஐம்பது. கோடித் துணி ஒரு வெள்ளி இருபது. குழி வெட்டக் கூலி இரண்டு வெள்ளி. பூ, ஊதுவத்தி அறுபத்தைந்து காசு. பணத்தை எடுத்து வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவன் என் தோளுக்கு மேலாகக் குனிந்து, மை காய்வதற்குள் பார்த்தான். தன் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் அவன் அதுவரை கண்டதில்லை.

"இப்படியா எழுதுறது?" என்றான்.

கிராணி தாளைத் திரும்ப வாங்கி, மறந்துவிட்டேன் என்று சொல்லி, செப்டம்பரில் அத்தை வேலை செய்திருந்த ஒன்பது நாள் சம்பளம் மூன்று வெள்ளி அறுபது காசை மொத்தத்தில் கழித்து, மீதியை எண்ணி என் கையில் திருப்பிக் கொடுத்தார். ஆக, எனக்கு ஆன செலவு நான்கு வெள்ளி எழுபத்தைந்து காசு.